சாவி ஆபீசில் இருக்கிறது

யாழ்ப்பாணம்
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நிலக்ஷி எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர எனக்கு வேறு தொந்தரவு இல்லை. அங்கே உங்களுக்கும் குளிரைத் தவிர வேறு தொந்தரவு இருக்கக் கூடாது. அத்தானும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? உங்கள் முதுகு வலி குறைந்ததா?

நேற்று போனில் கோல் எடுத்தபோது அத்தான்தான் பேசினார். "அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்க" என்று நீங்கள் பின்னாலிருந்து சொன்னது எனக்கும் கேட்டது. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்துக் காம்பராவில் போனில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும் என்று நீங்கள் சொல்வது சரிதான். அதனால் கடிதமே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நல்ல செய்தி. நான் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பொருளியல் படித்து, இப்போதுதான் ஆராய்ச்சி செய்யத் தொடங்கியிருப்பவர்களை ஒரே இடத்தில் கூட்டப் போகிறோம். ஒவ்வொருவரும் தான் செய்த வேலையை வாசிக்க வேண்டும். அதை முன்கூட்டியே படித்த ஒருவர் எழுந்து குறை நிறை சொல்வார். பிறகு எல்லோரும் கேள்வி கேட்பார்கள். எங்களைப் போன்றவர்கள் ஆளுக்கொரு அறையில் தனியாக உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருக்கிறோம். செய்வது சரியா பிழையா என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

இப்படிப்பட்ட கூட்டம் எப்போதும் கொழும்பில்தான் நடக்கும். உங்கள் பக்கத்து ஹட்டனில் வைப்போம் என்றேன். யுனிவர்சிட்டியில் என்னோடு வேலை செய்யும் குகநேசன் முதலில் சிரித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். ஹட்டன் பெண் ஸஹ்லாவும் சேர்ந்துவிட்டாள். அவளுடைய வாப்பா நஸாருக்கு டவுனில் துணிக்கடை இருக்கிறது, மேல்மாடியில் மண்டபமும் இருக்கிறது. ஆகஸ்டில் இரண்டு நாள்.

நானும் வாசிக்கிறேன். டிசம்பரில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து தாய்மாரோடு பேசினேனே, அதைத்தான் கட்டுரையாக்கியிருக்கிறேன். பெண்கள் டவுன் வேலைக்கு ஆசைப்பட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் எழுதுகிறார்கள். அப்படி இல்லை, விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் நேரத்தில் பிள்ளையை விட இடமில்லாததால்தான் வேலையை விட்டு நிற்கிறார்கள் என்று நான் காட்டியிருக்கிறேன். கட்டுரைக்குப் பெயர் என்ன தெரியுமா? "சாவி ஆபீசில் இருக்கிறது." நீங்கள் சொன்னதுதான். "கதவைத் திறக்க நான் இருட்டோடயே வந்து நிக்கிறேன். சாவி ஆபீசில இருக்கு. ஆபீஸ் திறக்கிறதுக்குள்ள பெரட்டு முடிஞ்சிடுது." நான் முப்பது பக்கத்தில் எழுதியதை நீங்கள் மூன்று வரியில் சொல்லிவிட்டீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி
நிலக்ஷி


வட்டகொடை
23.02.2025

அன்புத் தங்கச்சி நிலக்ஷிக்கு,

உன் அக்கா சுதர்ஷினி. கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். முதுகுக்குத் தைலம் போடுகிறேன். உன் அத்தானுக்குத்தான் பனியில் இருமல். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே மீன் மலிவு என்று மீனையே சாப்பிட்டுக்கொண்டிருக்காதே. கீரையும் வாங்கு.

உன் கடிதத்தை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். "நம்ம ஹட்டனுக்கு யுனிவர்சிட்டி ஆளுங்கள கூட்டிட்டு வரப் போறாளா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் பக்கத்து வீட்டாரிடமெல்லாம் சொல்லிவிட்டார்.

பிள்ளைக் காம்பராவில் இப்போது பதினொரு பேர். தமயந்தியின் மகள் யதுஷி புதிதாகப் பேசக் கற்றிருக்கிறாள். எல்லோரையும் "வாடா" என்கிறாள். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்தபோது அவரையும் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார், எங்களுக்குத்தான் உயிர் போய் வந்தது.

ஒன்று கேட்கட்டுமா? நான் சொன்னது அப்படியே புத்தகத்தில் வருமா? நான் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். யார் யார் அதைப் படிப்பார்கள்? உனக்கு நல்லதென்றால் எனக்கும் சந்தோஷம்தான். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

ராத்திரியில் கண் விழித்து எழுதாதே.

அன்புடன் அக்கா
சுதர்ஷினி


யாழ்ப்பாணம்
15.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கீரையும் வாங்குகிறேன். அத்தானுக்கு இருமல் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். நிற்காவிட்டால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

நீங்கள் பயப்பட ஒன்றுமே இல்லை. யாருடைய பெயரும் கட்டுரையில் கிடையாது. தோட்டத்தின் பெயரும் கிடையாது. "வட்டகொடைக்கு அருகே ஒரு தோட்டம்" என்றுதான் போட்டிருக்கிறேன். உங்களை "பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர் ஒருவர்" என்று எழுதியிருக்கிறேன். இதுதான் எங்கள் துறையில் வழக்கம்.

எழுபதுக்கு மேல் விண்ணப்பம் வந்துவிட்டது அக்கா. மட்டக்களப்பிலிருந்து, காலியிலிருந்து, பதுளையிலிருந்து. ஒரு பையன் தன் சுருக்கத்தோடு ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தான்: "இதுவரை என் கட்டுரையை என் மேற்பார்வையாளரைத் தவிர யாரும் படித்ததில்லை. தெரிவு செய்யாவிட்டாலும் யாராவது படித்துவிட்டுச் சொல்லுங்கள்." குகநேசன் அதை வாசித்துவிட்டு, "இவனை விடேலாது" என்றார். இருபத்திரண்டு பேரை எடுத்திருக்கிறோம்.

என் கட்டுரைக்குக் கருத்துச் சொல்லப் பெரிய ஆள் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். தோட்டங்களை நடத்தும் கம்பெனி ஒன்றுக்குக் கொழும்பிலிருந்து ஆலோசனை சொல்கிறவர். மறுதரப்பு ஆளே வந்து வாதாடினால் கூட்டத்துக்கு மதிப்பு வரும் என்று நான்தான் அவரைக் கேட்டேன். முழுக் கட்டுரையையும் அனுப்பியாயிற்று. ஸஹ்லாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "கூட்டத்துக்குக் கிட்ட அனுப்பினா போதுமே, இப்பவே என்னத்துக்கு?" என்றாள். படிக்க அவருக்கும் நேரம் வேண்டாமா?

நீங்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்
நிலக்ஷி


வட்டகொடை
30.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. எல்லோரும் இருக்கிறோம். அத்தானுக்கு இருமல் விட்டுவிட்டது. சித்திரை வருடப்பிறப்புக்கு நீ வராதது பிள்ளைகளுக்குக் குறைதான். நீ அனுப்பிய சட்டை பெரியவளுக்குச் சரியாக இருந்தது, சின்னவனுக்குக் கொஞ்சம் பெரிது. வளர்ந்து போட்டுக்கொள்வான்.

இங்கே மழை தொடங்கிவிட்டது. கொழுந்து நன்றாக இருக்கிறது. பிள்ளைக் காம்பராவில் திருத்த வேலை என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள். கூரை ஒழுகுகிறதுதான். நானும் கொஞ்ச நாளாக வீட்டில் இருக்கிறேன். பழக்கமில்லாததால் பகல் நீளமாகத் தெரிகிறது. லயத்துக்குப் பின்னால் புல்லை வெட்டி, கொஞ்சம் லீக்ஸ் நட்டேன்.

நிலக்ஷி, அந்தக் கட்டுரைக்கு வேறு பெயர் வைக்க முடியுமா? சும்மாதான் கேட்டேன். முடியாவிட்டால் விடு. உன் வேலை உனக்குத்தான் தெரியும்.

வெயிலில் குடை இல்லாமல் போகாதே.

அக்கா


யாழ்ப்பாணம்
11.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. லீக்ஸுக்கு இந்த மழை கூடிப்போகாதா? பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையின் பெயரை மாற்றுவது கஷ்டம் அக்கா. நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போய்விட்டது. அதோடு, எல்லோருக்கும் பிடித்திருப்பதே அந்தப் பெயர்தான். போன வாரம் நாங்கள் இங்கே ஒத்திகை வைத்தோம். நான் பெயரைச் சொன்னதும் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. குகநேசன், "இதைக் கேட்டாப் பிறகு ஒருத்தருக்கும் நித்திரை வராது" என்றார். அவருடைய வெங்காயச் செய்கைக் கட்டுரைக்கு எல்லோருக்கும் நித்திரை வந்தது என்பது வேறு விஷயம்.

உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெட்கப்பட என்ன இருக்கிறது? உண்மையைத்தானே சொன்னீர்கள்.

திருத்த வேலை எப்போது முடியும்? அதுவரை பிள்ளைகளை எங்கே விடுகிறார்கள்? எழுதுங்கள். எனக்கு இங்கே வினாத்தாள், விடைத்தாள், அறை பதிவு, சாப்பாடு என்று தலை சுற்றுகிறது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் சுற்றுகிறது.

அன்புடன்
நிலக்ஷி


டிக்கோயா
20.06.2025

நிலக்ஷிக்கு,

நீ நலமாக இருப்பாய். நாங்களும் அப்படியே.

இதை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயந்துவிடாதே, எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை தமயந்தி வேலைக்குப் போயிருந்தபோது அவள் மகள் யதுஷிக்குச் சுடுதண்ணீர் கொட்டிவிட்டது. அண்ணன்காரன் தேத்தண்ணிக்குக் கேத்தலை இறக்கியிருக்கிறான், அவனுக்கும் ஏழு வயதுதான். வலது கையும் தோளும். முகத்துக்கு ஒன்றுமில்லை. டாக்டர் பிழைத்துக்கொள்வாள் என்கிறார். மருந்து கட்டும்போதுதான் அவள் அழுவதைக் கேட்க முடியவில்லை.

தமயந்தி வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது. அதனால் பகலில் நான் இருக்கிறேன். எனக்குத்தான் இப்போது நேரம் இருக்கிறதே.

கூட்டத்துக்கு நான் வருவது சரிவராது போலிருக்கிறது. என்னை நம்பி முன்வரிசையில் இடம் வைக்காதே. உன் வேலையை நல்லபடி செய்.

பிள்ளை எழும்பிவிட்டாள். நிறுத்துகிறேன்.

அக்கா


யாழ்ப்பாணம்
02.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

யதுஷி இப்போது எப்படி இருக்கிறாள்? கடிதம் கிடைத்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. தமயந்திக்கு ஆறுதல் சொல்லுங்கள். நீங்களும் ஆஸ்பத்திரியில் தேத்தண்ணியோடு நாளை ஓட்டிவிடாமல் சோறு சாப்பிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன். கிழமை நாளில் அந்தப் பிள்ளை ஏன் வீட்டில் இருந்தாள்? ஏப்ரலில் தொடங்கிய கூரை வேலை இன்னுமா முடியவில்லை? "எனக்குத்தான் இப்போது நேரம் இருக்கிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள். கதவைச் சாத்தினாலும் உங்களுக்கு வேறு பிரிவில் வேலை கொடுக்க வேண்டுமே. கொடுத்தார்களா?

உங்கள் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

நாலு நாளாகக் கோல் எடுக்கிறேன். அத்தான் எடுத்துவிட்டு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி" என்று சொல்லி வைத்துவிடுகிறார். அவர் எப்போதும் இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவர் இல்லை.

உடனே எழுதுங்கள்.

நிலக்ஷி


யாழ்ப்பாணம்
21.07.2025

அக்கா,

சுகம் கேட்டுத் தொடங்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. அதனால் ஸஹ்லாவை அனுப்பினேன். அழைப்பிதழ் கொடுக்கிற சாட்டில் அவள் சனிக்கிழமை வட்டகொடைக்குப் போனாள். ராத்திரி எனக்குக் கோல் எடுத்தாள்.

"நிலக்ஷி, அங்க கதவு பூட்டி ஈக்கி. கூரையில ஒரு தகரம்கூட மாத்தல்ல" என்றாள். "ஒங்கட ராத்தா அங்க இல்ல. கந்தப்பளைக்குப் போயிட்டாங்களாம். தமயந்தி எண்டு ஒரு புள்ள செல்லிச்சி."

தமயந்தி சொன்னதையெல்லாம் சொன்னாள். உங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டது, வேலையை விட்டு நிறுத்தியது, பிள்ளைக் காம்பராவைப் பூட்டியது எல்லாம். நான் கட்டுரையை அனுப்பி ஒரு மாதத்துக்குள். ஏப்ரலில் நீங்கள் எனக்கு லீக்ஸ் நட்டதைப் பற்றி எழுதியபோது உங்களுக்கு வேலை போய் மூன்று கிழமைக்கு மேல் ஆகியிருக்கிறது. நான் திரும்ப லீக்ஸுக்கு மழை கூடிவிடுமே என்று எழுதியிருக்கிறேன்.

யதுஷியின் கையை நினைத்தால் எனக்கு எழுத முடியவில்லை.

நான் கட்டுரையை விலக்கிக்கொள்கிறேன். இன்றைக்கே குகநேசனிடமும் ஸஹ்லாவிடமும் சொல்லிவிட்டேன். கூட்டத்தையே நிறுத்தலாம் என்றும் யோசிக்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

நிலக்ஷி


கந்தப்பளை
29.07.2025

நிலக்ஷி,

சித்தி வீட்டில் இருக்கிறேன். சுகத்துக்குக் குறைவில்லை. காலையில் மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறேன், கரட் கழுவுகிற வேலை. கை விறைத்துப் போகிறது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன்.

நீ கூட்டத்தை நல்லபடி நடத்தி முடிக்க வேண்டும் என்று சொல்லாமல் இருந்தேன். அது மட்டும் காரணம் இல்லை. சொன்னால் நீ அழுவாய், நான் உன்னைத் தேற்ற வேண்டி வரும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது கேட்டுவிட்டாய், சொல்கிறேன். ஏப்ரல் முதல் கிழமையில் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தோட்டத்தை நடத்துகிற தொரை மேசைக்கு அந்தப் பக்கம். முன்னால் உன் கட்டுரை. உட்காரச் சொல்லவில்லை.

"சுதர்ஷினி, இந்தப் பக்கத்துல எத்தன பிள்ளைக் காம்பராவுக்குச் சாவி ஆபீசில இருக்கு?"

"நம்ம ஒண்ணுக்குத்தாங்க சார்."

"அப்ப இதச் சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"யாருகிட்ட?"

"என் தங்கச்சிகிட்ட."

"தங்கச்சிகிட்ட சொன்னது கொழும்பு ஆபீசுக்கு எப்படிப் போச்சு?"

"அது எனக்குத் தெரியலைங்க."

கூட்டத்துக்கு வருகிறவருக்கு நீ அனுப்பியது தொரை மேசைக்கு எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

பெயர் போடவில்லை, பயப்படாதீர்கள் என்று எழுதினாய். சாவி ஆபீசில் இருக்கிற பிள்ளைக் காம்பராவுக்கு இந்தப் பக்கத்திலேயே நான் ஒருத்திதான் பொறுப்பு. பெயர் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? டிசம்பரில் தாய்மார் எல்லோரிடமும் விளக்கிச் சொல்லி, சம்மதமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினாய். ஒவ்வொருத்திக்கும் பொறுமையாகச் சொன்னாய், நான் பக்கத்தில் இருந்து பார்த்து மனதுக்குள் பெருமைப்பட்டேன். என்னிடம் நீ கேட்கவில்லை. நான் அடுப்படியில் பருப்பு கழுவிக்கொண்டே உன்னோடு பேசினேன். என் தங்கச்சியோடு பேசுகிறேன் என்று நினைத்துப் பேசினேன். அக்காதானே, கேட்பதற்கு என்ன என்று நீ நினைத்திருக்கிறாய்.

இப்போது கட்டுரையை விலக்குகிறேன் என்று எழுதுகிறாய். கேட்காமல் எழுதினாய். இப்போது கேட்காமலே அழிக்கப் பார்க்கிறாய். நான் வேலையை இழந்தது போதாதென்று, சொன்னதும் இல்லாமல் போக வேண்டுமா? யதுஷிக்கு நடந்ததற்குப் பிறகு அந்தக் கதவைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வேண்டியது.

நான் சொல்கிறபடி செய். கூட்டத்துக்கு முதல் ஞாயிறு தமயந்தி வீட்டுக்கு வா. நானும் வருகிறேன். தாய்மார் எல்லோரையும் வைத்து, எழுதிய முழுவதையும் தமிழில் வாசி. யார் எதை எடு என்கிறார்களோ அதை எடு. ஏன் என்று கேட்காதே. அவர்கள் வேண்டாம் என்றால் கட்டுரை வேண்டாம். அதை நீ தனியாக முடிவு செய்யாதே.

நான் சொன்ன வரி இருக்கட்டும். ஆனால் "பொறுப்பாளர் ஒருவர்" என்று போடாதே. சுதர்ஷினி சொன்னது என்று போடு.

அக்கா


ஹட்டன்
17.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சித்தி வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். கை விறைப்புக்குச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வைத்துப் பாருங்கள்.

அன்று தமயந்தி வீட்டில் வாசித்து முடித்ததும் நீங்கள் என்னோடு பேசாமல் பஸ்ஸுக்கு நடந்தீர்கள். பின்னால் வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நான் லயத்து வாசலிலேயே நின்றேன். நீங்கள் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

மூன்று பேர் தங்கள் பேச்சை எடுக்கச் சொன்னதை நீங்களும் பார்த்தீர்கள். எடுத்துவிட்டேன். அதனால் கட்டுரையில் ஒரு பகுதியே போய்விட்டது. அந்த இடத்தை வேறு எதையும் கொண்டு நிரப்பவில்லை. நீங்கள் எழும்பிப் போன பிறகு தமயந்தி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "எங்க பிள்ளைக்கு நடந்ததயும் எழுதுங்க" என்றார். "ஆனா பாவம்னு எழுதாதீங்க. கதவு பூட்டியிருந்திச்சி, நான் மலையில நின்னேன், அம்புட்டுத்தான்." அவர் சொன்னபடியே எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டினேன். இரண்டு சொல்லை மாற்றச் சொன்னார்.

கூட்டம் நடந்தது. மேல்மாடி நிறைந்துவிட்டது. நஸார் நானா கீழே கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். ஒவ்வொருவரும் நடுங்கிக்கொண்டுதான் வாசித்தார்கள். யாரும் படிக்கவில்லை என்று எழுதிய பையனின் கட்டுரையைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடினார்கள். அவன் கண் கலங்கிப் போனான். அதையெல்லாம் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வந்த உடனே உங்கள் முகம் ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் காலையில் என் முறை. வாசிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையை யாருக்கு எப்போது அனுப்பினேன், என்ன நடந்தது, யாரிடம் கேட்கவில்லை என்பதையெல்லாம். உங்கள் பெயரைச் சொல்லி உங்கள் வரியை வாசித்தேன்.

கொழும்பு ஆலோசகரும் வந்திருந்தார். எழுந்து நிதானமாகப் பேசினார். ஒரு தோட்டத்தை வைத்து இப்படி முடிவுக்கு வர முடியாது என்றார். பிறகு அவரிடம் கேட்டேன், கட்டுரையைத் தோட்டத்துக்கு அனுப்பியது நீங்கள்தானா என்று.

"விளக்கம் கேட்டு அனுப்பினேன். ஒரு தகவல் சரியா என்று உறுதிப்படுத்துவது பிழையா?" என்றார். "அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது."

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேரும் ஒரு தாளை அனுப்பினோம். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது.

குகநேசன் எழுந்தார். "நானும் பேரை மாத்தினாக் காணும் எண்டுதான் நினைச்சனான்" என்றார். "எங்கட ஊரில வெங்காயக் கமக்காரர் ஒராளின்ர கதையை எழுதி வைச்சிருக்கிறன். அவரை ஊருக்கே தெரியும். இண்டைக்கு அதை நான் வாசிக்கேல்ல." அவர் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கட்டுரையில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போயிற்று. ஸஹ்லா சாப்பாட்டை மேலேயே கொண்டுவரச் சொன்னாள். யாருடைய பேச்சை எழுதுகிறோமோ அவருக்கு முதலில் வாசித்துக் காட்டாமல் வெளியே யாருக்கும் அனுப்புவதில்லை என்று கடைசியில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். சின்ன முடிவு. பிந்திய முடிவும்கூட.

முன்வரிசையில் உங்களுக்கு இடம் வைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். வைக்கவில்லை. தமயந்தி அரை நாள் லீவு போட்டு வந்தார், அவர் உட்கார்ந்தார்.

நிலக்ஷி


வட்டகொடை
28.09.2025

அன்புத் தங்கச்சி நிலக்ஷிக்கு,

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்லோருக்கும் சுகம். உனக்குக் காய்ச்சல் என்று அத்தான் சொன்னார். விட்டுவிட்டதா? விட்டாலும் இரண்டு நாள் குளிக்காதே.

யதுஷிக்குப் புண் ஆறிவிட்டது. கையை முழுதாக நீட்ட முடியவில்லை. பயிற்சி செய்தால் வரும் என்று கிளினிக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தினமும் பின்னேரம் என்னிடம் வருகிறாள். நான் ஒரு தோடம்பழத்தை உயரப் பிடிப்பேன், அவள் எட்டி எடுக்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால் என்னைத் திட்டுகிறாள்.

பிள்ளைக் காம்பராவைத் திறந்துவிட்டார்கள். தொழில் திணைக்களத்திலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டுவிட்டுப் போன பிறகு. உன் கூட்டத்தால்தான் வந்தார்களா, யதுஷிக்கு நடந்ததை ஆஸ்பத்திரியில் எழுதி அனுப்பியதால் வந்தார்களா, தெரியாது. இப்போது பெரட்டுக்கு முன்னாலேயே திறக்கிறார்கள். நின்றுபோன தாய்மாரில் நாலு பேர் திரும்ப வேலைக்குப் போகிறார்கள். நுவரெலியாப் பக்கத்திலிருந்து ஒரு புதுப் பிள்ளையைப் போட்டிருக்கிறார்கள். நல்ல பிள்ளை. பிள்ளைகளின் பெயர்களை என்னிடம்தான் வந்து கேட்டுக்கொண்டு போனாள்.

என்னை எடுக்கவில்லை. போன மாதம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அந்த வரி நான் சொன்னது இல்லை, தங்கச்சி தானாக எழுதிக்கொண்டது என்று ஒரு தாளில் போட்டிருந்தார்கள். கையெழுத்து வைத்தால் வேறு பிரிவில் பார்க்கலாம் என்றார்கள். உன் அத்தான் வைத்துவிடச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நான் கந்தப்பளையில் இருந்த காலமெல்லாம் வீட்டையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்தவர் அவர்தான். நான் வைக்கவில்லை. அதனால் எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு அவரே தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து தந்தார்.

அடுத்த மாதம் டவுனில் ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளாகச் சேரப் போகிறேன். ஸஹ்லாதான் விசாரித்துச் சொன்னாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். நானே சொல்ல நினைத்தேன்.

உன் கடிதத்தில் அந்தக் கொழும்பு ஆளும் நீயும் ஒன்று என்று எழுதியிருந்தாய். அது சரியில்லை. அவர் தமயந்தி வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் அதை வாசிக்கவில்லை. நீ வந்தாய். வாசிக்கும்போது உன் குரல் போனதை எல்லோரும் கேட்டார்கள். நான் அன்றைக்குப் பேசாமல் போனது கோபத்தால். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் மறுபடி உனக்கு மறைத்து எழுதுவதாக ஆகும்.

தீபாவளிக்கு வருகிறேன் என்று அத்தானிடம் சொன்னாயாம். வா. நான் முன்னைப்போல் பேச மாட்டேன். கொஞ்ச காலத்துக்கு ஒன்றைச் சொல்லுமுன் உன் முகத்தை ஒரு தடவை பார்ப்பேன். அது உனக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்கும்தான். அதற்காக வராமல் இருந்துவிடாதே.

உன் அக்கா
சுதர்ஷினி